இரண்டு பட்டினிகள்

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படை ரஷ்யாவின் லெனின்கிராட் நகரை (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) சுற்றி வளைத்த முற்றுகையின்போது, அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தபடி பசியால் இறந்துபோன விஞ்ஞானிகளின் கதை, ஆண்டுக்கு ஒரு முறையாவது யார் மூலமாவது என் கைபேசிக்கு வந்துவிடுகிறது. பத்து வரி, ஒரு கறுப்பு வெள்ளைப் படம், கடைசியில் கூப்பிய கைகள். கதை பொய் அல்ல. ஆனால் அந்தப் பத்து வரிக்குள் நிக்கொலாய் வாவிலோவ் பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும் ‘விதை வங்கியை உருவாக்கியவர்’ என்ற மூன்று சொற்களோடு போய்விடுகிறார். அந்த விதைகளைக் கண்டம் கண்டமாக அலைந்து திரட்டியவர் அவர். அவருடைய சகாக்கள் பசியோடு அவற்றைக் காத்துக்கொண்டிருந்த அதே குளிர்காலத்தில், அவர் அதே நாட்டின் சிறை ஒன்றில் மரண தண்டனைக் கைதியாகப் பசியோடு கிடந்தார். முதல் பட்டினியை உண்டாக்கியது ஹிட்லரின் படை. இரண்டாவதை உண்டாக்கியது சொந்த அரசு. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிடுவது எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வாவிலோவ் 1887-ல் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை துணி வணிகத்தில் முன்னுக்கு வந்தவர். மகனுக்கு வணிகத்தில் மனம் ஒட்டவில்லை, வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். முதல் உலகப்போருக்குச் சற்று முன்பு இங்கிலாந்து சென்று, மரபியலின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் பேட்சனிடம் பயின்றார். ஒரே வயலில் ஒரு கோதுமை நோய்க்கு வீழ்கிறது, பக்கத்தில் நிற்கும் இன்னொன்று அசையாமல் நிற்கிறது, அது ஏன் என்பதுதான் இளமையில் அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

1916-ல் ஈரானில் இருந்த ரஷ்யப் படையினர் உள்ளூர் மாவில் சுட்ட ரொட்டியைத் தின்று நோயுற்றார்கள். காரணம் கண்டுபிடிக்க வாவிலோவை அனுப்பினார்கள். கோதுமையோடு கோதுமையாக முளைக்கும் ஒரு நச்சுப்புல்லின் விதைகள் தானியத்தில் கலந்திருந்தன. வந்த வேலை முடிந்தது. ஆனால் அவர் நேரே ஊர் திரும்பாமல் குதிரை மீதேறி பாமிர் மலைகளுக்குப் போனார். அங்கே தொடங்கியதுதான் பிற்காலத்தில் அவரை ஐந்து கண்டங்களுக்கு இழுத்துச் சென்ற பயணம்.

அவர் மலைச்சரிவுகளில் பார்த்த ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவருடைய கண் எப்படிப்பட்டது என்பது அதில் தெரியும். அடிவாரத்து வயல்களில் கோதுமைக்கு நடுவே ரை என்ற புல் களையாக முளைக்கும். உழவர்கள் அதைத் திட்டிக்கொண்டே பிடுங்கி எறிவார்கள். மேலே ஏற ஏறக் குளிர் கூடுகிறது. கோதுமை சோர்கிறது, ரை தழைக்கிறது. இன்னும் மேலே போனால் வயலில் பாதிக்குப் பாதி ரைதான். பிடுங்கினால் உழவனுக்கு ஒன்றும் மிஞ்சாது, ஆகவே இரண்டையும் சேர்த்தே அறுக்கிறான். உச்சிக்கு அருகில் உள்ள கிராமங்களில் கோதுமையே இல்லை. களையாக வந்தது அங்கே பயிராகிவிட்டது. வட ஐரோப்பாவின் கறுப்பு ரொட்டிக்கு மூலமான தானியம் இப்படி உழவனின் விருப்பத்துக்கு மாறாகத்தான் வயலுக்குள் நுழைந்தது என்று அவர் முடிவு செய்தார். புத்தகத்தில் ஆயிரமாண்டுக் கணக்கில் படிக்கவேண்டிய வரலாற்றை, ஒரு மலையை அடியிலிருந்து முடிவரை ஏறியே அவர் படித்துவிட்டார்.

1921-ல் பெட்ரோகிராடில் (லெனின்கிராடின் அன்றைய பெயர்) இருந்த பயிர்த் தாவரவியல் நிறுவனத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்த ஆண்டு வோல்கா கரையில் பெரும் பஞ்சம், லட்சக்கணக்கானவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சம் வராமல் தடுக்க வேண்டுமானால் குளிர் தாங்கும் பயிர், வறட்சி தாங்கும் பயிர், நோய் தாங்கும் பயிர் வேண்டும். அந்தக் குணங்கள் எங்கோ ஒரு மலைக்கிராமத்து உழவனின் குதிரில் ஏற்கெனவே இருக்கின்றன, அழிவதற்குள் போய் எடுத்து வரவேண்டும் என்பதே அவருடைய திட்டம். 1924-ல் ஆப்கானிஸ்தான். 1926-27-ல் மத்தியதரைக்கடல் நாடுகளும் எத்தியோப்பியாவும். 1929-ல் மேற்குச் சீனம், ஜப்பான், கொரியா. 1930-களின் தொடக்கத்தில் மெக்சிகோ, பெரு, பொலிவியா. புதிய ஊருக்குப் போனதும் அவர் முதலில் தேடியது சந்தையைத்தான். அந்த வட்டாரத்தில் என்னென்ன விளைகிறது என்பது சந்தையில் ஒரே காலையில் தெரிந்துவிடும்.

ஒரு பயிரின் ரகங்கள் உலகில் எங்கே மிக அதிகமாகக் குவிந்திருக்கின்றனவோ அங்கேதான் அதன் பிறப்பிடத்தைத் தேட வேண்டும் என்று 1926-ல் எழுதினார். பின்னால் வந்தவர்கள் இதில் திருத்தங்கள் செய்தார்கள், பல்வகைமை மிகுந்த இடம் எல்லாப் பயிருக்கும் பிறந்த இடமாக இருப்பதில்லை. ஆனாலும் கேள்வியை அந்த வடிவத்தில் முதலில் கேட்டவர் அவர். அவர் வரைந்த பிறப்பிடங்களின் பட்டியலில் இந்தியத் துணைக்கண்டமும் ஒன்று. நெல், துவரை, கத்தரி, மா என்று நம் இலையில் விழும் பலவற்றை அவர் இங்கே சேர்த்தார். மிளகாய், உருளைக்கிழங்கு, நிலக்கடலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்துக் கணக்கு.

1940 வாக்கில் லெனின்கிராடில் புனித ஐசக் சதுக்கத்தை ஒட்டிய அந்தக் கட்டடத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் மாதிரிகள் சேர்ந்திருந்தன. உலகில் அதுவரை யாரும் அவ்வளவு சேர்த்ததில்லை. இதை அருங்காட்சியகம் போல நினைத்துவிடக்கூடாது. அருங்காட்சியகத்துச் சிலை பூட்டி வைத்தால் அப்படியே இருக்கும். விதை அப்படி அல்ல, உள்ளே உயிர் இருக்கிறது. குளிர்பதனக் கிடங்குகள் இல்லாத அந்தக் காலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒவ்வொரு மாதிரியையும் எடுத்து விதைத்து, பக்கத்து ரகத்தோடு கலக்காமல் வளர்த்து, அறுத்து, உலர்த்தி, சீட்டு எழுதித் திரும்பவும் பெட்டியில் வைக்கவேண்டும். உருளைக்கிழங்கு என்றால் ஆண்டுதோறும் நட்டாக வேண்டும். ஒரு பருவம் தவறினால் சில ரகங்கள் ஒரேயடியாகப் போய்விடும். நாடெங்கும் பரவியிருந்த சோதனை நிலையங்களில் இந்தச் சலிப்பூட்டும் வேலையை நூற்றுக்கணக்கானோர் செய்துகொண்டிருந்தார்கள். இந்தக் கதையின் வீரத்தை நான் முதலில் காண்பது இங்கேதான்.

இனி அரசியல். கூட்டுப்பண்ணைகளுக்குள் உழவர்களை அடித்துத் தள்ளிய பிறகு, 1932-33-ல் மீண்டும் கொடும்பஞ்சம். பல லட்சம் பேர் மாண்டார்கள். அரசுக்கு உடனடி விளைச்சல் தேவைப்பட்டது. நல்ல ரகம் ஒன்றை உருவாக்கப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும் என்பது வாவிலோவின் பதில். திரோஃபிம் லிசென்கோ என்ற இளம் வேளாண் ஆய்வாளர், விதையை நனைத்துக் குளிரில் வைத்தால் போதும், பயிரின் இயல்பையே மாற்றிவிடலாம், சில ஆண்டுகளில் புது ரகம் தந்துவிடுவேன் என்றார். பெற்றோரின் குணங்கள் சந்ததிக்கு எப்படிப் போகின்றன என்று சொல்லும் மெண்டலின் விதிகளை அவர் ஏற்கவில்லை. உழவர் குடும்பத்தில் பிறந்தவர், பேச்சில் கெட்டிக்காரர். தொடக்கத்தில் அவரை ஊக்குவித்தவர்களில் வாவிலோவும் ஒருவர் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். யாரிடம் புதிதாக ஏதாவது இருந்தாலும் அதைக் கேட்டுப் பார்க்கும் மனம் அவருக்கு. 1935-ல் கிரெம்ளினில் நடந்த கூட்டமொன்றில் தன்னை எதிர்க்கும் விஞ்ஞானிகளை வர்க்க விரோதிகளோடு சேர்த்து லிசென்கோ பேசியபோது, ஸ்டாலின் எழுந்து ‘சபாஷ், தோழர் லிசென்கோ, சபாஷ்’ என்று கைதட்டினார். அதற்குப் பிறகு நடந்ததை அறிவியல் விவாதம் என்று யாரும் அழைக்க முடியாது.

1939-ல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்கு வாவிலோவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவரைப் போகவிடவில்லை. அதே ஆண்டு தன் நிறுவனக் கூட்டம் ஒன்றில், நாங்கள் சிதைக்குப் போவோம், எரிவோம், ஆனால் எங்கள் கொள்கையிலிருந்து பின்வாங்க மாட்டோம் என்று பேசினார். மேடைக்காகச் சொன்ன வசனம் அல்ல அது. தன் ஆட்கள் ஒவ்வொருவராகப் பிடித்துச் செல்லப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் சொன்னது.

1940 ஆகஸ்ட் 6. மேற்கு உக்ரைனில், செர்னிவ்ட்சிக்கு அருகே, மலையடிவாரத்தில் விதை சேகரித்துவிட்டு மாலையில் தங்குமிடம் திரும்பினார். ஒரு கறுப்புக் கார் காத்திருந்தது. மாஸ்கோவிலிருந்து அவசர அழைப்பு என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். உடன் வந்தவர்கள் அவர் பையைப் பிரித்துப் பார்த்தபோது, அன்று பறித்த கதிர்க்கட்டுகள் இருந்தன. அவற்றில் ஒன்று மிகப் பழைய கோதுமை இனம், அந்தப் பகுதியில் இருப்பதாக அதுவரை யாரும் பதிவு செய்திராதது. அவருடைய கடைசிச் சேகரிப்பு அதுதான்.

பதினோரு மாதங்கள் விசாரணை. நூற்றுக்கணக்கான முறை அழைத்து, மணிக்கணக்கில் நிற்கவைத்து, தூங்கவிடாமல் விசாரித்தார்கள். சோவியத் வேளாண்மையைத் திட்டமிட்டுச் சீர்குலைத்தார், உளவு பார்த்தார் என்பன குற்றச்சாட்டுகள். 1941 ஜூலை 9 அன்று சில நிமிடங்களில் முடிந்த நீதிமன்ற அமர்வில் மரண தண்டனை. அதே மாதம் 28-ம் தேதி அவருடைய சகாக்கள் கார்பெச்சென்கோவும் கோவொரோவும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கார்பெச்சென்கோ முள்ளங்கியையும் முட்டைக்கோஸையும் இணைத்து, இனப்பெருக்கம் செய்யக்கூடிய புதிய தாவரத்தை உருவாக்கி உலகப் புகழ் பெற்றவர்.

ஜெர்மன் படை நாட்டுக்குள் நுழைந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. லெனின்கிராடின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்து ஓவியங்களும் சிற்பங்களும் ரயிலேற்றி உரால் மலைகளுக்கு அனுப்பப்பட்டன. அது சரியான முடிவுதான். ஆனால் விதைகளுக்கு அப்படி உரிய நேரத்தில் வழி பிறக்கவில்லை. செப்டம்பர் 8 அன்று முற்றுகை இறுகியது. நகருக்கு வெளியே நிறுவனத்தின் பாவ்லோவ்ஸ்க் சோதனை நிலையத்து வயல்களில் தென் அமெரிக்க உருளைக்கிழங்கு ரகங்கள் அறுவடைக்கு நின்றன. குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே ஆபிரகாம் கமெராஸும் ஓல்கா வஸ்கிரிசென்ஸ்கயாவும் அவற்றைத் தோண்டி நகருக்குள் கொண்டு வந்தார்கள்.

பிறகு குளிர் வந்தது. நவம்பர் 20 முதல் டிசம்பர் கடைசி வாரம் வரை அலுவலகப் பணியாளர்களுக்கும் குழந்தைகளுக்கும் நாளொன்றுக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டி. அதிலும் பருத்திவிதைப் பிண்ணாக்கும் மரக்கூழும் கலந்திருந்தன. மின்சாரம் இல்லை, தண்ணீர்க் குழாய்கள் உறைந்துவிட்டன. குண்டுவீச்சில் கட்டடத்தின் ஜன்னல்கள் சிதறின, பலகை அடித்து மூடினார்கள். விதை அறைகளைப் பூட்டி முத்திரையிட்டார்கள். அறைக்குள் யாரும் தனியாகப் போகக்கூடாது என்று விதி வைத்துக்கொண்டார்கள். அந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். தாங்கள் தெய்வப்பிறவிகள் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளவில்லை. பசி எவரையும் எதையும் செய்யவைக்கும் என்று தெரிந்துதான் அந்த ஏற்பாட்டைச் செய்தார்கள்.

அடுத்த எதிரி எலி. நகரமே பசித்திருந்தபோது எலிகள் கூட்டமாகக் கட்டடத்துக்குள் புகுந்தன. தகரப் பெட்டிகளை அலமாரியிலிருந்து தள்ளிவிட்டால் மூடி திறந்துகொள்ளும் என்று அவை கண்டுகொண்டன. பெட்டிகளைச் சேர்த்துச் சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள், இரவு முழுக்க முறைவைத்து இரும்புக் கம்பியோடு காவல் இருந்தார்கள். நிலவறையில் இருந்த உருளைக்கிழங்கு உறைந்தால் அழுகிவிடும். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போகாமலிருக்க, உடைந்த மரச்சாமான்களையும் கிடைத்த சுள்ளிகளையும் தேடிப்பிடித்து எரித்தார்கள். நடக்கவே தெம்பில்லாதவர்கள், மைல் கணக்கில் நடந்து வந்து இந்த அடுப்பைக் காத்தார்கள்.

நிலக்கடலைச் சேகரிப்பின் பொறுப்பாளர் ஷூகின் தன் மேசையிலேயே இறந்தார். நெல் சேகரிப்பைக் காத்த திமித்ரி இவானோவ் 1942 ஜனவரியில் இறந்தபோது, அவர் பொறுப்பில் ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் இருந்தன. ஓட்ஸ் பகுதியின் லிலியா ரோதினா. மூலிகைப் பகுதியின் கிரியர். குறைந்தது ஒன்பது பேர் அந்தக் கட்டடத்தின் பணியாளர்களில் பசியால் போனார்கள். அதைவிட அதிகம் என்று சொல்லும் பட்டியல்களும் உண்டு.

கைபேசிக் கதையில் ‘மூட்டைகள்’ என்று வருகிறதே, அது தவறு. அவை சிறு சிறு பொட்டலங்கள். எல்லாவற்றையும் கொட்டினாலும் சில டன்கள்தான் தேறும். முற்றுகைக்குள் இருபத்தைந்து லட்சம் பேர் சிக்கியிருந்தார்கள், நகரத்துக்கு அது ஒரு வேளைக்கும் காணாது. ஆனால் அங்கே வேலை செய்த சில டஜன் பேர் பிழைத்திருக்கலாம், அவர்களுடைய பிள்ளைகள் பிழைத்திருக்கலாம். இதை மழுப்பக்கூடாது. வயலில் விதைத்த நெல்லை நள்ளிரவு மழையில் வாரிவந்து விருந்தினருக்குச் சமைத்துப்போட்ட இளையான்குடி மாறனாரைக் கும்பிடும் ஊர்க்காரன் நான். பசித்தவன் முன்னால் விதை நெல் பெரிதில்லை என்ற அந்த அறமும் எனக்கு உண்மைதான். இவர்கள் அதற்கு நேர் எதிராக முடிவெடுத்தவர்கள். இரண்டில் எது சரி என்று, வயிறு நிறைந்திருக்கும் எனக்குத் தீர்ப்புச் சொல்ல உரிமையில்லை. வஸ்கிரிசென்ஸ்கயாவின் கணவர் வாதிம் லெக்னோவிச்சிடம் பல ஆண்டுகள் கழித்து இதைக் கேட்டார்கள். நடப்பது கடினமாக இருந்தது, காலையில் எழுவது கடினமாக இருந்தது, கைகால்களை அசைப்பது கடினமாக இருந்தது, விதைகளைத் தின்னாமல் இருப்பது கொஞ்சமும் கடினமாக இல்லை என்றார். தன் வாழ்நாள் உழைப்பையும் தோழர்களின் வாழ்நாள் உழைப்பையும் எப்படித் தின்ன முடியும் என்பதே அவருடைய பதில்.

தோழர்கள் என்று அவர் சொன்னதில் கைதான தலைவரும் உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தப் பெயரை உரக்கச் சொல்வதே ஆபத்தான காலம் அது. ‘மக்கள் விரோதி’ சேர்த்த விதைகளைக் காத்ததற்காக அரசு தங்களைப் பாராட்டும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அந்தத் தலைவர் எங்கே இருந்தார்? மாஸ்கோவை ஜெர்மானியர் நெருங்கியதும் 1941 அக்டோபரில் கைதிகளை வோல்கா கரையில் உள்ள சரதோவுக்கு மாற்றினார்கள். அதே ஊரின் பல்கலைக்கழகத்தில்தான் வாவிலோவ் இளம் பேராசிரியராக இருந்தார். 1920-ல் அங்கே நடந்த மாநாட்டில், நெருங்கிய பயிரினங்களில் ஒரே மாதிரியான மாறுபாடுகள் வரிசையாக வரும் என்ற தன் கோட்பாட்டை அவர் அறிவித்தபோது, உயிரியலுக்கு ஒரு மெண்டலீவ் (வேதியியல் தனிமங்களை அட்டவணையாக வரிசைப்படுத்தியவர்) கிடைத்துவிட்டார் என்று அரங்கமே ஆர்ப்பரித்தது. இப்போது மரண தண்டனைக் கைதிகளின் நெரிசலான அறை. பகல் வெளிச்சம் இல்லை, நடக்க இடமில்லை. சக கைதிகளுக்கு மரபியலும் பயிர்களின் வரலாறும் வகுப்பெடுத்தார். உலக வேளாண்மையின் வரலாற்றைக் கையெழுத்துப் பிரதியாகச் சிறையில் எழுதியும் வைத்தார். அந்தப் பிரதி கிடைக்கவே இல்லை.

இதில் என்னால் தாங்கிக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. அவருடைய மனைவி எலேனா பாருலினா ஒரு தாவரவியலாளர், மைசூர்ப் பருப்பின் வகைகளை ஆராய்ந்து பெரிய நூலே எழுதியவர். போர் வந்ததும் மகன் யூரியோடு அவரும் அடைக்கலம் தேடிப் போனது சரதோவுக்குத்தான். கணவர் மாஸ்கோவில் இருப்பதாக நினைத்து, தன் வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை மாஸ்கோ முகவரிக்குப் பொட்டலமாக அனுப்பிக்கொண்டிருந்தார். கணவர் அதே ஊரில், நடந்து போகும் தூரத்தில் இருந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

1942 கோடையில் மரண தண்டனையை 20 ஆண்டு சிறையாகக் குறைத்தார்கள். அதே ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி அவரை வெளிநாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1943 ஜனவரி 26 அன்று சரதோவ் சிறை மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 55. பட்டினி உடலை முன்பே அரித்திருந்தது. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பொதுக்குழியில் புதைத்தார்கள். அவருடைய தம்பி செர்கேய் வாவிலோவ் புகழ்பெற்ற இயற்பியலாளர். இரண்டே ஆண்டுகளில், 1945-ல், அவரைச் சோவியத் அறிவியல் கழகத்தின் தலைவராக்கினார்கள். அண்ணனைக் கொன்றவர்களின் கையிலிருந்து அந்தப் பதவியை வாங்கிக்கொண்டு அவர் எப்படி மூச்சுவிட்டார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். மறுத்திருந்தால் அந்த நாற்காலி யாருக்குப் போயிருக்கும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

லெனின்கிராடில் 1942 வசந்தத்தில் பனி விலகியதும், உயிரோடு இருந்தவர்கள் காத்த கிழங்குகளையும் விதைகளையும் நகரின் ஓரங்களில், பீரங்கி எட்டும் தூரத்தில் விதைத்தார்கள். பூங்காக்களைக் காய்கறித் தோட்டமாக்க மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சேகரிப்பின் ஒரு பகுதி உறைந்த லதோகா ஏரி வழியாக உரால் பக்கம் போய்ச் சேர்ந்தது. முற்றுகை 1944 ஜனவரி 27 அன்று, 872 நாட்களுக்குப் பிறகு விலகியது. லிசென்கோவோ 1948-ல் மரபியலையே நாட்டில் தடை செய்யும் அளவுக்கு உயர்ந்தார், 1960-களின் நடுவில்தான் செல்வாக்கை இழந்தார். வாவிலோவ் குற்றமற்றவர் என்று 1955-ல் ராணுவ நீதிமன்றம் அறிவித்தது. அவர் பெயர் பிறகு நிறுவனத்துக்குச் சூட்டப்பட்டது. நிறுவனம் இன்றும் அதே சதுக்கத்தில்தான் இருக்கிறது.

2010-ல் பாவ்லோவ்ஸ்க் நிலையத்தின் நிலத்தை வீட்டுமனைகளாக்க அரசு அமைப்பு ஒன்று முயன்றது, நீதிமன்றமும் முதலில் அதற்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. அங்கே இப்போது இருப்பவை பெரும்பாலும் பழ மரங்களும் பெர்ரிச் செடிகளும், ஆயிரக்கணக்கான ரகங்கள். அவற்றில் பல வேறெங்கும் இல்லை. ஆப்பிள் விதையை நட்டால் தாய் மரத்தின் பழம் வராது, ஆகவே பெட்டியில் போட்டுக் காப்பாற்ற முடியாது, மண்ணில் மரமாகவே நிற்கவேண்டும். வேறு இடத்துக்குப் பெயர்க்கவும் பல ஆண்டுகள் பிடிக்கும். உலகெங்கிலுமிருந்து விஞ்ஞானிகளும் பொதுமக்களும் ரஷ்ய அரசுக்கு எழுதிக் குவித்தார்கள். மனை விற்பனை நின்றது. 1941-ல் குண்டுமழைக்கு நடுவே கமெராஸும் வஸ்கிரிசென்ஸ்கயாவும் கிழங்கு தோண்டிய நிலையத்தில் இன்றும் பழத்தோட்டங்கள் வளர்கின்றன.